இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல்

ஜூலை 8, செவ்வாய்

கோவளத்திலிருந்து திருப்போரூர் வரை பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. அலுவலகத்தில் புதிதாக ஒன்றுமில்லை. கருவி அளக்கும் ரத்தச் சர்க்கரையை டேப்லெட்டில் காட்ட நான் எழுதிய செயலி மூன்று வாரமாகக் கருங்குழி இலவச முகாமில் ஓடுகிறது. ஒரு புகாரும் வரவில்லை.

ஜூலை 9, புதன்

மதியம் முகாம் நர்ஸ் ஜெஸ்ஸி போன் செய்தாள்.

"ஒருத்தருக்கு முப்பத்திநாலுன்னு காட்டுது ருக்ஸார். அவ்ளோ கம்மியா இருந்தா ஆளு மயங்கி வுழுந்திருக்கணும். இவரு நின்னுகினு என்னான்ட சண்ட போட்டுகினு கீறாரு."

வேறு கருவியில் பார்த்தாளாம். 290. நல்லவேளை, என் செயலி காட்டிய எண்ணை நம்பி குளுக்கோஸ் கொடுக்கவில்லை.

290, 34. கழித்தால் 256. உடனே நிரலைத் திறந்து பார்த்தேன். அளவுகளைச் சேமிக்க நான் எடுத்தது அன்சைன்டு பைட் அரே என்ற எண் வரிசை. அதன் ஒரு கட்டத்தில் 0 முதல் 255 வரைதான் நிற்கும். 256 வந்தால் பிழை என்று சொல்லாது, சத்தமில்லாமல் 0 என்று எழுதி, அங்கிருந்து மறுபடி எண்ணும்; 290 வந்தால் 34. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அலுவலகத்தில் எல்லார் விரலையும் குத்திச் சோதித்தேன். ஒருவருக்கும் இருநூறைத் தாண்டவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

அறுபத்தையாயிரம் வரை தாங்கும் பதினாறு பிட் அரேயாக மாற்றினேன். மாற்றியது ஒரே வரிதான்.

ஜூலை 10, வியாழன்

34 என்றால் சந்தேகம் வரும். 370 இருந்தால்? 114 என்று காட்டியிருக்கும். யார் சந்தேகப்படுவார்கள்?

முதலாளி கிருபாகரன் சாரிடம் சொன்னேன். "அதான் புது வெர்ஷன் போயாச்சு இல்ல, வுடு" என்றார்.

"சார், நல்லா கீதுன்னு நாம சொல்லி அனுப்ச்சவங்க வூட்ல கீறாங்க."

எழுந்து என் மேசைக்கு வந்தார். பிறகு, "கருவியில பழைய நம்பர் இருக்குமா?" என்று கேட்டார்.

இருந்தது. அந்தக் கருவிக்குத் திரை கிடையாது, ஆனால் அளந்ததை எல்லாம் நினைவில் வைத்திருக்கிறது. அறுநூற்றுச் சொச்சம் பதிவுகளையும் ஒப்பிட்டோம். ஏழு பேருக்குத் தவறு. ஆறு பேரை ஜெஸ்ஸி போனிலேயே பிடித்துவிட்டாள். ஏழாவது ஆள் பூவாயி, ஐம்பத்திரண்டு வயது. நாங்கள் காட்டியது 118. அசல் 374. போன் அணைந்து கிடக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

கிருபாகரன் சாரே கார் ஓட்டினார். கருங்குழியில் நாலு தெரு விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பூவாயி பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை. காலில் துணி சுற்றியிருந்தார்.

"ஒடம்பு நல்லா கீதுன்னு மிஷினே சொல்ச்சே. அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்."

துணியைப் பிரித்தார். கட்டைவிரல் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"அந்த மிஷின்ல தப்பு பண்ணது நான்தாம்மா." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அழுது இன்னா ஆவப் போவுது? எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். விரலைப் பற்றி நாளைக்குத்தான் சொல்வார்களாம்.

ஜூலை 12, சனி

விரலை எடுக்க வேண்டாம். அல்லாவே. எடுக்க வேண்டாம்.

இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதம் வரை போயிருக்கும் என்றார் டாக்டர். வராந்தாவில் கிருபாகரன் சார் இரண்டு டீ வாங்கி வந்தார். இருவரும் குடித்தோம். பிறகு, "இனிமே ஐநூறு, அறுநூறுன்னு நம்பர் குடுத்தும் டெஸ்ட் பண்ணு" என்றார். பண்ணுகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

பூவாயி வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கருங்குழி முகாமுக்கு நானும் போனேன். பதினொரு மணிக்குப் பூவாயி வந்தார். நொண்டவில்லை. ஜெஸ்ஸியின் மேசையைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, பின்னால் நின்ற பெண்ணிடம், "இந்தப் பொண்ணுதான் தப்பா எழுத்ச்சி. அப்பறம் அதுவே வூடு தேடி வந்துச்சி" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உட்கார்ந்து, மோதிர விரலை நீட்டினார்.

"நீயே குத்து."

168. டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.