கல்லூரிக் கதவுகளின் படம்

டெவன், பிப்ரவரி 1942

கேப்டன் அவர்களுக்கு,

கணவரை இப்படி அழைக்கக்கூடாதுதான். வேறு எப்படியும் அழைக்க வரவில்லை.

கடற்படைக் கல்லூரி வாசலில் எடுத்த பழைய படத்தைக் கிளப் சுவரில் மாட்டக் கேட்டிருந்தீர்கள். தேடி எடுத்தேன். எவ்வளவு பெரிய இரும்புக் கதவுகள்! உச்சியில் கிரீடம், நங்கூரம். ஓரத்தில் நம் லயனல், பதின்மூன்று வயது, தொப்பிக்குள் பாதி முகம்.

அன்று அவன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிடலாம்பா. எனக்குக் கடல்னாலே பயமா இருக்கு" என்றான். நீங்கள் சிரித்துக்கொண்டே அவன் விரல்களைப் பிரித்தீர்கள்.

"படம் எடுக்கிறாங்கடா. அழுது என் மானத்தை வாங்காதே!"

அவன் அழவில்லை. நல்ல பிள்ளையாக உள்ளே போனான்.

அவன் போன கப்பல் மூழ்கியதாகத் தந்தி வந்தபோது நீங்களும் அழவில்லை. "கடமையைச் செஞ்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கிளப்புக்குக் கிளம்பினீர்கள். அந்த வாரம் வடகடலில் பனிக்கட்டி மிதந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கதவுகள் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கின்றன. அவன் நின்ற ஓரத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

விடுப்பில் இங்கே வர வேண்டாம்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா