தையல் ஹாலில் கேமரா

4 ஜூன் 2008, ஆம்பூர்
இன்று என் கம்பெனியின் தையல் ஹாலில் கேமரா மாட்டினார்கள். பெண்கள் மட்டும் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிற ஹால் அது. ஷூ வாங்கும் ஜெர்மனி பார்ட்டி அங்கிருந்தே இன்டர்நெட்டில் வேலையை நேராகப் பார்ப்பானாம். சின்னப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கவில்லை என்று தெரிய வேண்டுமாம். பார்க்கட்டும், ஆர்டர் வந்தால் சரி. பெண்களிடம் மிஷினுக்குக் காவல் என்று சொல்லிவிட்டேன்.

19 ஜூன்
ஹாலில் அரட்டை கம்மி. கேமராவால் எனக்கும் லாபம்தான்.

2 ஜூலை
சூப்பர்வைசர் ரஃபத் ஜஹான் வரவில்லை. பத்து மணிக்கு மற்றவர்களும் எழுந்து போய்விட்டார்கள். கடைசியாகப் போன எல்லம்மா விஷயத்தைச் சொன்னாள். பார்ட்டி எங்கள் ஹாலைத் தன் வெப்சைட்டில் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறான். ரஃபத்தின் புருஷன் சவுதியில், தம்மாமில் டிரைவர். புர்காவைக் கழற்றிவிட்டுத் தைக்கும் பெண்களை அவன் ரூமே கூடிப் பார்த்து, ஒவ்வொருத்தியையும் பற்றிப் பேசியிருக்கிறது. நடுவில் அவன் பெண்டாட்டி.

3 ஜூலை
சென்னை ஏஜென்ட் நவீன்குமாருக்குப் போன் போட்டேன்.
"ஹமீத் பாய், அங்க கஸ்டமருக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு. எடுத்தா ஆர்டர் போய்டும்."
"உன் ஆபீஸ்ல லேடீஸ் பக்கம் ஒண்ணு மாட்டு. நானும் பாக்கறேன்."
"ஜோக் அடிக்காதீங்க பாய்."
ஜோக்கா? கேமராவுக்குச் சரின்னு போட்ட கையெழுத்து என்னுது, முகம் அவங்களுது. ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்டா வேணாம்பாங்கன்னு தெரியும் — அதான் கேக்கல.

5 ஜூலை
ரஃபத் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.
"இத்தனை வருஷமா ஹால் வாசல்ல நின்னு கனைச்சுட்டுதான் உள்ள வருவீங்க பாய். அத நம்பிதான் எங்க வீடுங்கள்ல அனுப்பனாங்க. இப்போ ஊர் உலகத்தையே கனைக்காம உள்ள வுட்டுட்டீங்க."
சைக்கிளில் தோல் துண்டு விற்ற நாளிலிருந்து எதற்கும் பேரம் பேசியே பழக்கம். இன்று பேரம் பேசாமல் தச்சனைக் கூப்பிட்டு ஹாலை அளக்கச் சொன்னேன்.

11 ஜூலை
ஹாலுக்குக் குறுக்கே தடுப்பு போட்டேன். கேமரா இனி ஒரு வரிசையை மட்டும் பார்க்கும். இஷ்டப்பட்டு அங்கே உட்காருகிறவர்களுக்கு தைக்கிற ஷூ ஜோடிக்கு ஒரு ரூபாய் ஜாஸ்தி. பார்ட்டி ஒத்துக்கொண்டான்.

20 ஜூலை
ரஃபத் தவிர எல்லோரும் வந்துவிட்டார்கள். கேமரா வரிசை காலி.

8 ஆகஸ்ட்
ரஃபத் ஜஹான் வந்தாள். புருஷன் போனை எடுப்பதில்லை, பணமும் அனுப்புவதில்லை.
"கேமரா வரிசைல உக்கார்றேன் பாய்."
வேண்டாம்மா, உள்ளே இடம் இருக்கு என்றேன்.
"பாத்தவங்க பாத்துட்டாங்க. உள்ள உக்காந்தா மட்டும் அவரு போன் பண்ணப் போறாரா? ஆனா ஒரு ரூபா பத்தாது. ரெண்டு குடுங்க."
பழக்கதோஷம் — ஒன்றேகால் என்று வாயில் வந்துவிட்டது. ஜோடிக்கு ஒன்றரைக்கு முடிந்தது.