நீ பூட்டாமல் விட்ட நாவல்

ஆவடி ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இன்று நகலெடுக்க நின்றேன். மெஷினிலிருந்து சுடச்சுட வந்த தாளின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, கழுதை. நீ வளர்ந்த ஃபேக்டரி குவாட்டர்ஸைப் பற்றிய உன் நாவலை முதலில் அச்சில் பார்த்தது இங்கேதான்.

நம் படிப்பில் ஆய்வேட்டுக்குப் பதிலாக நாவல் எழுதிக் கொடுத்தோம். அதை இணையத்தில் எல்லோரும் படிக்கத் திறந்துவிடலாமா, சில வருடம் பூட்டி வைக்கலாமா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். திறந்துவிட்டால் பிறகு எந்தப் பதிப்பகமும் சீந்தாது என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீ கேட்டாயா? "குவாட்டர்ஸைப் பத்தி எழுதிட்டு குவாட்டர்ஸ்காரங்களுக்கே பூட்டு போடவா? போடி." நான் என்னுடையதைப் பூட்டினேன். அது புத்தகமாகி, பிரதிகளில் பெரும்பகுதி விற்காமல் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

உன்னுடையதை ஃபேக்டரி ஆட்கள் ரயிலில் போனிலேயே படித்தார்கள். சிலர் இங்கே அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டார்கள். முதல் பக்கத்தில் நம் நெறியாளர் கையெழுத்துப் போட்டிருந்த சான்றிதழையும் கதை என்றே நினைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் உன்னை வழிமறித்தது நினைவிருக்கிறதா? "இன்னாம்மா, மொதோ பக்கத்துல கையெழுத்து போட்டுகினு ஒரு அம்மா வந்தாங்களே, அப்பால ஆளையே காணோம்? செத்துட்டாங்களா?" அதை நெறியாளரிடமே போய்ச் சொன்னாய். அவர் கொஞ்ச நாள் உன்னோடு பேசவில்லை.

பதிப்பகங்கள் நான் பயந்தபடியே கையை விரித்தன. நீ செத்துப்போன பிறகு, போன மாதம்தான், ஒரு பதிப்பாளர் கூப்பிட்டார். அழகாகப் போடுகிறேன், இணையத்தில் இருப்பதை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றார். எனக்கு ஆசை விடவில்லை. உன் பெயர் போட்ட அட்டையைக் கையில் பிடித்துப் பார்க்க எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! சம்மதம் கேட்க உன் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

குவாட்டர்ஸைக் காலி செய்து, இப்போது முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறார்கள். போனில் எழுத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கி, உன் நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"புக்கு வந்தா எனக்கும் சந்தோசம்தான் கண்ணு. ஆனா ரிட்டையராயி ஊரு ஊரா போனவங்க எல்லாம் இதுலதான் நம்ம குவாட்டர்ஸைப் பாத்துக்கிறாங்க. நேத்துகூட தென்காசிலேர்ந்து மேரியக்கா போன் பண்ணி ஒரே அழுவ. இதை மூடிட்டா அவங்கல்லாம் எங்க போவாங்க?"

வாசலுக்கு வந்து பதிப்பாளரைக் கூப்பிட்டு, எடுக்க முடியாது என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போகிறேன். அம்மாவுக்குக் கண் வலித்தால் நான் வாசிக்கிறேன். கதையில் அம்மா பேசும் இடம் வந்தால் மட்டும் என்னை நிறுத்திவிட்டு, போனைப் பார்க்காமல் அவர்களே பேசிவிடுகிறார்கள். நீ எழுதியது ஒரு சொல் பிசகுவதில்லை. அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டுதான் வீடு திரும்புகிறேன்டி.