நீங்கள் கேட்க நான் வாசித்த எண்கள்

இன்று உங்கள் இறப்புச் சான்றிதழ் வாங்க நகராட்சி ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பழைய பிரிண்டர் ஒன்று கறகறவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த மை வாசம் மூக்கில் ஏறியதும், எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோனது. நீங்கள் வேலை விட்டு வரும்போது உங்கள் சட்டையில் அந்த வாசம்தான் இருக்கும். அங்கிருந்த பெண் தாளின் ஓரத்தைக் கிழித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கான்னு வாசிச்சுப் பாருங்கம்மா" என்றாள். நான் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மனசுக்குள்ள வாசிச்சாப் போதும்மா" என்றாள். அவள்மேல் தப்பில்லை. எனக்குத்தான் அப்படி வாசித்துப் பழக்கமில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தீர்கள். லாரியின் எடை, மூட்டைக் கணக்கு எல்லாவற்றையும் வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் உங்கள் பொறுப்பு. அது மெதுவானால் எடைச் சீட்டு வராது. சீட்டு வராவிட்டால் லாரி நகராது. அதனால் அந்த மிஷின் எப்படி ஓடுகிறது என்று தினமும் தாளில் அச்செடுத்துப் பார்க்க வேண்டும், ஏதாவது கோளாறு வரும்போல இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதெல்லாம் கல்யாணமான புதிதில் எனக்குத் தெரியாது. ஆண்டிமடத்தில் எட்டாவதோடு நின்றவள் நான்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு சாயங்காலம் அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தீர்கள். "கண்ணு எரியுது செல்வி. இதைக் கொஞ்சம் வாசி, நான் கேக்குறேன்" என்றீர்கள். "இங்கிலீஷ்ல இருக்கேங்க" என்றேன். "எண்ணு எந்தப் பாஷையிலயும் எண்ணுதான். நீ வரிசையா வாசி, எது எதுன்னு எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

முதல் நாள் ஒன்பது இலக்கம் பத்து இலக்கம் என்று பார்த்ததும் பயந்துவிட்டேன். "இம்மாம் பெரிசா இருக்கே, மிஷின் தாங்குமா?" என்று கேட்டேன். நீங்கள் எவ்வளவு சிரித்தீர்கள்! "அது ஸ்டார்ட் ஆனதிலேர்ந்து எண்ணிக்கிட்டே இருக்கும்டி. மொத்தத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. நேத்து எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவு, நடுவுல எவ்வளவு ஏறியிருக்கு, அதைத்தான் பாக்கணும்." அப்புறம் நேற்றைய தாளையும் எடுத்து வைத்துக்கொள்ளப் பழகினேன். நான் வாசிப்பேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மனக்கணக்காகக் கழிப்பீர்கள். டிஸ்க்குக்குப் போய் எடுத்தது இவ்வளவு, மெமரியிலேயே கிடைத்தது இவ்வளவு. டிஸ்க்குக்கு ஓடுவது கூடினால், மிஷின் மெதுவாகப்போகிறது என்று உங்கள் நெற்றி சுருங்கும். "நாள் பூராவுக்கும் சேர்த்துப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. லாரி வந்து நிக்கிற நேரத்தைத் தனியா எடுக்கணும்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வீர்கள்.

பக்கத்து வீட்டுப் பரிமளா அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னடி, தெனம் உக்காந்து புருஷனுக்கு ஜாதகம் வாசிக்கிற? நல்ல காலம் எப்பப் பொறக்குதாம்?" என்று கேட்பாள். "பொறக்குறப்போ உனக்கும் சொல்லி அனுப்புறேன்க்கா" என்பேன். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை. சாயங்காலம் சீக்கிரமே உலை வைத்துவிட்டு, முகம் கழுவி, உங்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். அந்த நேரத்தில்தான் நான் உங்களுக்குச் சோறாக்கிப் போடுகிறவள் மட்டும் இல்லை. உங்கள் வேலையில் எனக்கும் ஒரு இடம் இருந்தது.

அதனால்தான் நான் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றினீர்கள். பலகையில் ஊர் பெயர் தெரியாமல் வேப்பந்தட்டை பஸ்ஸில் ஏறிவிட்டு, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தீர்கள். "நெனைப்பெல்லாம் எங்க இருக்கு?" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது தெரியும், அது கண்ணைப் பிடிக்கும் என்பதும் கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாள், "திருச்சிக்குப் போயி கண்ணைக் காட்டிட்டு வந்துருவோமாங்க?" என்று கேட்டேன். "மாசக் கடைசி முடியட்டும்" என்றீர்கள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை விரித்தேன். அந்தச் "சரிங்க" இப்போதும் காதில் கேட்கிறது. எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டேன்! இரண்டு வருஷமாக எத்தனையோ மாசக் கடைசி வந்து போனது. நான் மறுபடி அழுத்திக் கேட்கவில்லை. நான் வாசிக்காமல் இருந்திருந்தால், வேறு வழியில்லாமல் ஒரு மாசத்திலேயே டாக்டரிடம் போயிருப்பீர்கள்.

அப்புறம் ஒரு மத்தியானம் மேனேஜர் சாரே உங்களை ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டீர்கள். அவர் வாசலிலேயே நின்று சொன்னார். லாரிகள் ரோடுவரை நின்றுவிட்டனவாம். உடனே தாள் எடுத்துப் பார்த்துச் சொல்லச் சொன்னாராம். நீங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு, முந்தின நாள் நான் வாசித்த எண்களையே ஞாபகத்திலிருந்து எடுத்து, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது யாரோ மிஷினை நிறுத்தித் திரும்பப் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது.

"தாள்ல இருந்ததெல்லாம் சின்னச் சின்ன எண்ணும்மா. இவர் கோடிக் கணக்குல சொல்றாரு. எதைப் பார்த்து வாசிக்கிறீங்கன்னு கேட்டேன். தாளை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு." அவர் திட்டவில்லை. "எத்தனை நாளா இப்படி?" என்று மட்டும் கேட்டார். நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் திருச்சியில் கண் டாக்டரும் அதையேதான் கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டு, "இப்பக் கொஞ்ச நாளாத்தான் சார். இவளுக்குத் தெரியாது" என்றீர்கள். "முன்னாடியே வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பாதிதான் மிஞ்சியது.

திரும்பும்போது பஸ் பாடாலூரில் நின்றது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். நாம் இறங்கவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: "நீ வாசிக்கிறது கேக்க நல்லா இருந்துச்சு செல்வி. கண்ணு சரியாயிட்டா நீ வாசிக்க மாட்டியேன்னுதான் நானும் போவல."

ஆலையில் உங்களை கேட் ஆபீஸுக்கு மாற்றினார்கள். சர்வர் வேறொருவர் கைக்குப் போனது. அதன்பின் நீங்கள் தாள் எதுவும் கொண்டுவரவில்லை. சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். நானும் எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்புறம் சர்க்கரை சிறுநீரகத்தைப் பிடித்தது. இந்த வருஷம் உங்களையே கொண்டுபோய்விட்டது.

பாடாலூரில் சொன்னது நிஜம்தானா என்று உங்களிடம் கேட்க எனக்கு எத்தனையோ சாயங்காலம் இருந்தது. நிஜம் என்றால் தப்பில் பாதி உங்களுடையது. நான் அழுவதைப் பார்க்க முடியாமல் சொன்னது என்றால், முழுசும் என்னுடையது. எந்தப் பதில் வந்தாலும் என்னால் தாங்க முடியாது என்று பயந்து கேட்காமலே இருந்துவிட்டேன். டாக்டரிடம் எனக்காகப் பொய் சொன்ன மனிதர், அன்றைக்கே இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்த வார்த்தையை நான் விடுவதாக இல்லை. பொய்யாகவே இருக்கட்டுமே. நான் வாசித்தது கேட்க நன்றாக இருந்தது என்று என்னிடம் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.