கூடை குட்டி போட்டது தொடர்பாகவும், உயிருக்கென ஒரு வகை கோரியும்

அனுப்புநர்:
நிரலாளர்,
தவறவிட்ட பொருட்கள் பிரிவு,
நகரப் பேருந்துக் கழகம்.

பெறுநர்:
உயர்திரு பொது மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துக் கழகம்.

பொருள்: கூடை எனப் பதிவான முயலை வெள்ளிக்கிழமை ஏலத்திலிருந்து விலக்கி, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம்.

1. பேருந்துகளில் பயணிகள் விட்டுச்செல்லும் பொருட்களைப் பதிவுசெய்யும் நிரலை எழுதிப் பராமரிப்பவள் நான். முழுக்க ஃபங்ஷன் எனும் சிறு செயல்கூறுகளாலேயே எழுதப்படும் நம் நிரல்மொழி, வகை விஷயத்தில் பள்ளி வாசலில் நிற்கும் பி.டி. மாஸ்டரைவிடக் கண்டிப்பானது. ஒரு பட்டியலில் குடை இருந்தால் மற்றதெல்லாம் குடையாகவே இருக்க வேண்டும். சாவியோ செருப்போ நுழைந்தால், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, அதைச் சரிபார்க்கும் கம்பைலர் மறித்துவிடும். நம் கிடங்கிலோ குடை, சாவி, பல்செட், ஒற்றைச் செருப்பு என எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன.

2. இதற்கு நான் சொன்ன வழி எளியது. என்னென்ன வகைகள் உண்டு என்று முதலில் அறிவித்துவிட்டு, ஒவ்வொரு பொருளின் மேலும் அதன் வகைச் சீட்டை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைப்பது. எடுக்கும் ஃபங்ஷன் சீட்டைப் பார்த்து, ஒவ்வொரு வகைக்கும் என்ன செய்வதென்று சொல்லியாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் கம்பைலர் விடாது.

கணினிப் பிரிவின் தலைவர் (அலுவலகத்தில் ஐயா, வீட்டில் என் அக்காவின் கணவர், ஆகவே அத்தான்) இதை ஏற்கவில்லை. "எதுக்கும்மா இவ்ளோ வேலை? எல்லாத்தையும் ஒரே மாதிரி உறையில போட்டு மூடிடு. பேரு, நிறம், எடை, இந்த மூணைச் சொன்னா போதும்" என்று உத்தரவிட்டார். மூடியபின் நான்காவதாக ஒரு கேள்வியை எந்த ஃபங்ஷனாலும் கேட்க முடியாது. உள்ளிருப்பது எந்த வகை என்பதே நிரலுக்கு மறந்துபோகும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். உத்தரவு உத்தரவுதான் என்றார்.

3. சென்ற மாதம் ஒரு நடத்துநர், பின் இருக்கையில் கிடந்த கூடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வெள்ளை முயல். நிரலில் உள்ள பெயர்களில் முயல் இல்லை. பதிவு எழுத்தர் 'கூடை, வெள்ளை' என்று பதிந்து, முயலோடு சேர்த்தே எடைபோட்டு, நிரலில் அதன் உறையை மூடினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

4. மறுநாளே உரியவர் வந்தார். தனியாக வசிக்கும் தையற்காரர். முயல் என்று தேடினால் அப்படி எதுவும் இல்லை என்கிறது கணினி. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதுவோ அவர் குரலைக் கேட்டதும் காதை நிமிர்த்துகிறது. "இல்லைன்னா, அங்க உக்காந்து கேரட் திங்கிறது யாருங்க?" என்று அவர் கேட்டார். சரி, கூடை என்றே கோருங்கள் என்றோம். எடை ஒத்துவரவில்லை என நிரல் தள்ளுபடி செய்தது. கிடங்குக் காப்பாளர் அக்கா ஊட்டி வளர்த்ததில், கூடை நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகக் கனத்துவருகிறது.

5. திங்கள் காலை அந்தக் கூடை குட்டி போட்டது. மகிழ்ச்சியான செய்திதான், பிரிவே வேலையை விட்டுவிட்டுப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது. ஆனால் யாரும் கோரிப் பெறாத பொருட்களுக்கான ஏலப் பட்டியல் அச்சாகிவிட்டது. வெள்ளியன்று கூடைகள் அனைத்தும் மொத்தமாக ஒரே வியாபாரிக்குப் போகும். தையற்காரர் தினமும் உணவு இடைவேளையில் வந்து கதவோரம் நின்றுவிட்டுப் போகிறார். "வீட்டுல பேசுறதுக்கு எனக்கு அது ஒண்ணுதாங்க" என்று நேற்று அழுதுவிட்டார். எனக்கும் மனசு கேட்கவில்லை, அம்மையீர்.

6. அத்தானிடம் மீண்டும் முறையிட்டேன். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அவர் கட்சி. நான் பேசும் முயலுக்கு நான்கு கால், குட்டிகள் தனி. குட்டி போடும் முன்பே என் அக்கா வழியாகச் சொல்லிப் பார்த்ததில், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலிருந்து அத்தான் பாதியில் எழுந்து போனதுதான் மிச்சம்.

7. ஆகவே ஒத்திகையாக, என் கணினியில் மட்டும், உறைகளை நீக்கிச் சீட்டு முறையைப் புகுத்தினேன். 'உயிர்' என்ற வகையைப் புதிதாகச் சேர்த்தேன். கம்பைலர் உடனே நிறுத்திவிட்டது. பொருட்களை அடுக்கும் இடத்தில், உயிர் என்றால் என்ன செய்வது என்று கேட்டது. பூச்சிமருந்து அடிக்கும் இடத்திலும் அதையே கேட்டது. (சென்ற வாரம் மருந்தடித்தபோது காப்பாளர் அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.) இவ்விரண்டுக்கும் 'கூடாது' என்று நானே எழுதிவிட்டேன். ஏலம் விடும் இடத்திலும் அதே கேள்வி நிற்கிறது. அதற்கு விடை எழுதும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு.

கீழுள்ள வரியைத் தங்கள் கையாலேயே நிறைவுசெய்து, அடியில் ஒப்பமிட்டுத் தர வேண்டுகிறேன். நிரல் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கிறது. தையற்காரரும் வெளியே காத்திருக்கிறார். இன்று பெரிய கூடையாகக் கொண்டுவந்திருக்கிறார்.

நாள்: ஏலத்துக்கு முந்தைய புதன்
இடம்: கிடங்கு அறை

பணிவோடும் சற்றே பிடிவாதத்தோடும்,
(ஒப்பம்)
நிரலாளர்

பொது மேலாளர் அவர்கள் நிறைவுசெய்ய:
ஏலம் விடும் இடத்தில், உயிர் என்றால்: ..............................