லவினாவின் இரண்டு மணித்தியாலம்

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் நிரோஷனுக்கு,

மாதாவின் தயவால் நானும் லவினாவும் உன் மூன்று மாதச் சின்ன மகளும் சுகம், கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்கிறேன். போனில் சொன்னால் முழுதும் கேட்க முதல் நீ பதறிவிடுவாய், அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்புகிற பக்கத்து வீட்டுச் சாந்தகுமாரிடம் கொடுத்து விடுகிறேன்.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது உன் மனைவி லவினாவுக்கு இரத்தத்தில் சீனி கூடி ஊசி போட்டது உனக்குத் தெரியும். பிறந்து ஆறாம் கிழமை திரும்பவும் சோதிக்க வேண்டுமென்று மிட்வைஃப் மிஸ் கார்டில் எழுதிக் கொடுத்தார். நான்தான் விடவில்லை மகன். பிள்ளை பிறந்ததோடு சீனியும் போயிற்று, பால் கொடுக்கிறவள் வெறும் வயிற்றோடு ஏன் போய்க் காத்திருக்க வேண்டும் என்று சொல்லி, காலையும் மாலையும் இனிப்புக் கட்டிப்பால் ஊற்றித் தேத்தண்ணி கொடுத்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. போன கிழமை மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார், அவரிடமும் சீனி போயிற்று என்றேன். அம்மா, போயிட்டுது எண்டு சோதிக்காம எப்பிடிச் சொல்லுவீங்க, இப்பிடிச் சீனி வந்த ஆக்களுக்குப் பிறகு நிரந்தரமா வரக்கூடும், நேரத்தோட பாத்தாத் தடுக்கலாம் என்று தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. அப்போதுதான் லவினா, எனக்கும் பயமாத்தான் கிடந்தது மாமி, உங்களிட்டச் சொல்ல ஏலாமல் இருந்திட்டன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை நானே கூட்டிப் போனேன். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, குளுக்கோஸ் தண்ணி குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் இருத்தி மறுபடி எடுத்தார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு இருந்தேன். மறுநாள் றிப்போட் வந்தது. சீனி வருத்தம் இல்லை, ஆனால் எல்லைக்குக் கிட்ட நிற்கிறதாம். சோற்றைக் குறைத்து, நடந்து, வருஷத்துக்கு ஒருமுறை சோதித்தால் பயமில்லை, பால் கொடுப்பதும் அவளுக்கு நல்லது என்று டொக்டர் சொன்னார். இப்போது பின்னேரங்களில் லூசியா கோயில் வரைக்கும் நடக்கிறோம். நான் மூச்சு வாங்கி நின்றால் அவள் சிரித்துக்கொண்டு காத்து நிற்கிறாள்.

நீ அவளைக் கோபிக்காதே, என்னைக் கோபி. இதை அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். நான்தான் விடவில்லை என்று எழுதிய இடத்தை வெட்டச் சொன்னாள். நான் வெட்டவில்லை.

அடுத்த வருஷச் சோதனைத் திகதியை நீயும் உன் போனில் போட்டு வை. நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

உன் அம்மா,
கொன்ஸ்ரன்ஸ்