குளிசையோடு கொடுத்த மீன்

3 மார்ச் 2018, சனி

சூட்டி,

நீ போய்ச் சேர்ந்து இன்றைக்கு ஐம்பது நாள், தம்பி. எருக்கலம்பிட்டி உம்மு ஸல்மா துக்கம் விசாரிக்க வந்தா. கிளினிக் வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் இருப்பாவே, அவதான். அவவின் மனுசனுக்கும் உன்னுடைய அதே நடுக்க வருத்தம், பார்க்கின்சன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைத்தோம். வெறும் வயிற்றில் குளிசை போட்டால் என் தம்பிக்கு ஓங்காளம் வரும், அதனால் மீனும் சோறும் குழைத்து அதோடுதான் தீத்துவேன் என்று சொன்னேன்.

அவ கோப்பையைக் கீழே வைத்துவிட்டா. "மீனோடயா? மீன்ல இருக்கிற சத்து அந்தக் குளிசைய வேல செய்ய விடாதாமே அக்கா. நாங்க சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியெல்லோ குடுக்கிறம்."

பிறகு என்ன சொல்லி அவவை அனுப்பினேனோ தெரியாது.

4 மார்ச்

பூசைக்குப் போனேன். ஒன்றும் காதில் ஏறவில்லை.

7 மார்ச்

உன் மகள் பெற்றிசியா கனடாவிலிருந்து சொன்னதை என் கொப்பியில் தேடி எடுத்தேன். அப்பாவின் மூளையில் டோபமின் என்ற ஒன்று குறைந்துபோனது, அதை இயற்கையாகவும் கூட்டலாமாம். மீன், முட்டை, காலை வெயில், நடை, நல்ல நித்திரை, பிடித்த பாட்டு. உன் வருத்தத்தோடு நீ என்னிடம் இருந்த ஏழு வருசமும் எல்லாம் செய்தேன். கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். உனக்குக் கேட்கப் பாட்டுப் போட்டேன். மீனைத்தான் கூடச் செய்தேன் — மூன்று குளிசைக்கும் மூன்று தரம் மீன். இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் என்று நினைத்தேன்.

கடைசி மாதம் நீ மரம் மாதிரி இறுகிக் கிடந்தாய். அது நான் செய்த வேலையோ? என்ர கையாலயோ சூட்டி?

12 மார்ச்

மீன்கார யாகப்பர் படலையில் நின்று மணி அடித்தார். தபசு காலம், மீனும் தின்பதில்லை என்று சொல்லிவிட்டேன். "தபசுக்கு இறைச்சியைத்தானே விடுறது. மீனையும் விட்டால் நான் எங்க போறது?" என்று முறுமுறுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டினார்.

16 மார்ச்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். அறியாமல் செய்தது பாவமில்லை என்றார் பங்குச் சுவாமி. பாவமோ என்று நான் கேட்கவில்லை. அதால்தான் நீ செத்தாயோ என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியாது.

22 மார்ச்

பெற்றிசியா இன்றைக்கும் போன் எடுத்தாள். "மாமி, சாப்பிட்டீங்களோ?" தினமும் இதே கேள்வி. ஓம் என்றேன். அவள் சொன்ன மீனல்லோ. எப்படிச் சொல்வேன்?

3 ஏப்ரல், செவ்வாய்

பாஸ்குத் திருநாள் முடிந்தது, மீன் வேண்டாமென்ற தபசுச் சாட்டும் முடிந்தது. மிஞ்சிய குளிசைகளைக் கொடுக்கும் சாக்கில் பாலம் தாண்டிக் கிளினிக்குப் போனேன். நர்ஸ் லூசியா மிசி கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னா. எல்லாவற்றையும் கொட்டினேன்.

மீனோடு போட்டால் குளிசை சரியாகப் பிடிக்காது, அது உண்மைதான் என்றா. ஓங்காளத்துக்கு ஒரு பிஸ்கற்றோடு கொடுத்திருக்கலாமாம்.

பிறகு கேட்டா: "கடைசி மாசம் அவர் என்ன சாப்பிட்டவர்?"

"கஞ்சித் தண்ணி. வேற ஒண்டும் விழுங்க ஏலாது."

"அப்ப மீன் எங்க அம்மா?"

உண்மைதானே. கார்த்திகையோடு மீன் நின்றுவிட்டது. நானே அதை மறந்துபோனேன், பார். விழுங்க முடியாமல் கஞ்சி நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டித்தான் அந்தக் கடைசிக் காய்ச்சல் வந்தது, அது இந்த வருத்தம் முற்றினால் வருவது, மீன் கொல்லவில்லை என்று மிசி சொன்னா. வெயிலும் நடையும் உனக்கு நல்லதுதானாம். எனக்கும் நல்லதாம், நாளைக்கே தொடங்கச் சொன்னா.

அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நித்திரையாகிவிட்டேன். கொண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.

4 ஏப்ரல்

காலை எட்டு மணிவரைக்கும் நித்திரை. நடைபோகவில்லை. வெட்கமும் இல்லை.

5 ஏப்ரல்

பெற்றிசியாவுக்குச் சொன்னேன். அவளும் தை மாதமே அதை எங்கேயோ வாசித்துவிட்டாளாம். மாமிக்குத் தெரிந்தால் தாங்கமாட்டா என்று ஒளித்தாளாம். அதற்குத்தான் தினமும் சாப்பிட்டீங்களோ, சாப்பிட்டீங்களோ என்று கேட்டது. மிசி சொன்னதை அவளுக்கு இரண்டு தரம் சொன்னேன். இன்னொரு தரமும் சொல்லுங்கோ என்றாள். சொன்னேன்.

8 ஏப்ரல், ஞாயிறு

விடிய எழும்பிக் கடற்கரை வரைக்கும் நடந்தேன். முதுகில் வெயில் நல்ல சுகம். வந்து விளைமீன் குழம்பு வைத்தேன். ஒரு வாய் வைத்தேன் — உப்புக் கூடிப்போச்சு, புளி காணாது. ஆனாலும் முழுக்கத் தின்றேன்.

மிசி இன்னொன்றும் சொன்னா, அன்றைக்கு எழுத விட்டுப்போச்சு. இந்த வருத்தக்காரருக்கு நடுக்கம் வர முதலே மணம் தெரியாமல் போய்விடுமாம், ருசியும் குறைந்துவிடுமாம். நீயோ ஒவ்வொரு நாளும், "அக்கா, இண்டைக்கு நல்லா வந்திருக்கு" என்று சோத்துக் கோப்பையை வழித்துத் தின்றாய்.

ஏழு வருசமும் மணமே தெரியாமலோடா அப்பிடிச் சொன்னனீ?